தால்ஷோ வளவின் இரண்டாவது ஊலொஃப்

சுகந்தா கையால் போன க்ரூ லிஸ்ட் இருபத்தொரு வருடத்தில் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை. வளைகுடா நாட்டுத் துறைமுகமான புஜைராவுக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்த்துப் பட்டியல் போடுவதுதான் அந்தக் கப்பல் ஏஜென்சியில் அவளுடைய வேலை. பிலிப்பைன்ஸ்காரன் தாயின் குடும்பப் பெயரை நடுவில் வைத்திருப்பான். ஆந்திராக்காரனுக்கு வீட்டுப் பெயர் முன்னால் வரும். தூத்துக்குடிக்காரனுக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில் மட்டும் அவளோடு யாரும் வாதாட வரமாட்டார்கள். ஆனால் பட்டியலின் அடியில் இருப்பது மேலாளரின் கையொப்பம். சுகந்தாவின் பெயர் எந்தக் கடதாசியிலும் கிடையாது.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் அவளுடைய தகப்பனார் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவர். அவர் எழுதிய ஒவ்வொரு பதிவின் கீழும் அவருடைய பெயர் இருந்தது. அது ஒரு சின்ன விஷயந்தான். சின்ன விஷயங்கள்தான் மனிதரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இரண்டாயிரத்து இருபதில் நோய்க்குப் பயந்து உலகம் கதவைச் சாத்தியபோது, கப்பல்காரர்கள் இறங்க முடியாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் சுவீடன் நாட்டுத் தலைமைப் பொறியாளர். பொழுது போகாமல் தன் முன்னோரைத் தேடத் தொடங்கியவர், பழைய தேவாலய ஏடுகளின் படங்களை ஏஜென்சிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அச்சடித்து, கப்பலுக்கு வந்துபோகும் லாஞ்சுப் படகில் கொடுத்துவிடும்படி கேட்டார். கப்பலில் அச்சு இயந்திரம் பழுது. ஒருநாள் மின்விசிறிக் காற்றில் அறுபது தாள் அலுவலகத் தரையில் பறந்துவிட்டது. பக்க எண் கிடையாது. சுகந்தா தரையில் உட்கார்ந்து, எழுத்துத் தெரியாமலே, தேதிகளை மட்டும் பார்த்து அறுபதையும் வரிசைப்படுத்தினாள். இரண்டு தாள் எந்தப் பக்கமும் சேரவில்லை. அந்த இரண்டும் ஏன் சேரவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் கேட்டு அனுப்பினாள்.

மறுநாள் லாஞ்சில் பதில் வந்தது. அவை வேறு பாதிரியாரின் ஏட்டில் இருந்து கலந்தவையாம். கூடவே ஒரு தாளில் அந்தக் காலத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பியிருந்தார்.

ஏழு மாதம் கழித்து அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். சுகந்தா நிறுத்தவில்லை. அகராதி ஒன்றை வாங்கினாள். ஏடுகளெல்லாம் இணையத்தில் திறந்து கிடந்தன. ஒவ்வொரு பாதிரியாருக்கும் ஒரு கையெழுத்து என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு அரிச்சுவடி தயாரித்தாள். இவர் 'k' போட்டால் வால் இருக்கும், அவர் போட்டால் இருக்காது, மூன்றாமவர் குளிர்காலத்தில் ஒருமாதிரியும் கோடையில் ஒருமாதிரியும் எழுதுவார், கை விறைத்திருக்கும் போலும். ஐந்து வருடத்தில் நான்கு கொப்பி நிறைந்தது.

எண்ணெய்க் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் அவளுடைய கணவர் கனகரத்தினம் சனிக்கிழமைகளில் தேநீரும் கையுமாக வந்து எட்டிப்பார்ப்பார்.

"செத்துப்போன வெள்ளைக்காரற்ற சாதகம் பாக்கிற ஆள் இந்தப் புஜைராவில நீர் ஒராள்தான்."

"இஞ்சருங்கோ, கதை குடுக்காதேங்கோ. பிள்ளையள எண்ணிக்கொண்டிருக்கிறன்."

"ஆற்ற பிள்ளையள்?"

"ஒரு கொல்லன்ர."

"கெட்டிக்காரன். எத்தினை?"

"பதினொண்டு. அதில நாலுதான் மிஞ்சினது."

கனகரத்தினம் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ரோஜர் மேட்சன் வந்தது இந்த ஆண்டின் தொடக்கத்தில். எண்ணெய் முனையத்தில் கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றுவதைக் கவனிக்கும் லோடிங் மாஸ்டர். அமெரிக்காவில் டெலவேர் ஆற்றங்கரையைச் சேர்ந்தவர். வயது அறுபத்து நாலு, ஜூனில் வேலை முடிகிறது. ஆயிரத்து அறுநூற்று நாற்பதுகளில் சுவீடன் அரசு அந்த ஆற்றங்கரையில் புதிய சுவீடன் என்று ஒரு சின்னக் குடியேற்றம் வைத்திருந்தது. பதினேழு வருடம் நின்று பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போன குடியேற்றம். அங்கே முதலில் போய்க் குடிசை போட்டவர்களில் ஒருவன் ஊலொஃப் மாட்சன். ரோஜர் அவனுடைய பதினோராம் தலைமுறை. அமெரிக்கப் பக்கத்துச் சங்கிலி முழுவதும் கையில் இருந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஊலொஃப் சுவீடனில் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டான்?

"ஊர் போகும் வழியில் அங்கே ஒருநாள் நிற்க வேண்டும். வீடு இருக்காது என்று தெரியும். நிலமாவது இருக்குமே" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதே வாரம் சுகந்தா சுவீடனில் உள்ள ஒரு ஆய்வு நிலையத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். பழைய ஏடுகளை வாசித்து அறிக்கை எழுதுபவர்களின் பட்டியல் ஒன்றை அந்த நிலையம் வைத்திருந்தது. எந்த நாட்டவரும் சேரலாம், பட்டம் கேட்கமாட்டார்கள். ஒரு வம்சத்தை எடுத்து முழுமையாக ஆராய்ந்து கொடுக்க வேண்டும். தேர்வாளர் அதில் ஏதாவது பத்துப் பதிவுகளை எடுத்துச் சரிபார்ப்பார். தேறினால் பட்டியலில் பெயர் ஏறும். அறிக்கையின் முதல் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்திலும் அந்தப் பெயர் அச்சாகும்.

தயாரித்தவர். சுகந்தா அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசித்தாள். ரோஜரின் ஊலொஃபையே தேர்வுக்கு எடுத்துக்கொண்டாள்.

ஏஜென்சியில் எல்லோரும் ரோஜரின் குடும்பப் பெயரை வைத்து மேட்சன் என்றொரு பெரிய குடும்பத்தைத் தேடச் சொன்னார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாட்சன் என்றால் மாட்ஸின் மகன், அவ்வளவுதான். ஊலொஃபின் தகப்பன் மாட்ஸ். அந்த மாட்ஸின் தகப்பன் ஹான்ஸாக இருந்தால் மாட்ஸ் ஹான்சன் ஆகிவிடுவான். நம்முடைய வழக்கமேதான். அந்த ஊரில் ஆளை அடையாளம் காட்டுவது வீடும் நிலமும் சேர்ந்த வளவின் பெயர். புளியடி வளவு, மாவடி வளவு என்பதுபோல அங்கே பாறை வளவு, ஏரி வளவு. மாட்ஸ் ஆயிரம் பேர் இருப்பார்கள். தால்ஷோ வளவு மாட்ஸ் ஒருவன்தான் இருப்பான்.

குடியேற்றத்துக் கணக்கெடுப்பில் ஊலொஃபைப் பற்றி ஒரு வரி இருந்தது. காட்டைக் கொளுத்திப் பயிரிட்ட குற்றத்துக்காக அனுப்பப்பட்டவன். ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்றில், முதுமையில், ஒரு வேலித் தகராறில் சாட்சி சொன்னபோது தன் வயது ஐம்பத்தெட்டு என்றிருக்கிறான். அப்படியானால் பிறந்தது ஆயிரத்து அறுநூற்று இருபத்தைந்து வாக்கில். சுவீடன் பக்கத்துக் காட்டுப்பகுதி நீதிமன்ற ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினோராவது வாரம் அகப்பட்டது. ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்தில், காடு கொளுத்தியதற்காக ஊலொஃப் மாட்சன் என்றொரு இளைஞன். தேவாலயப் பங்கின் பெயர் இருந்தது. வளவின் பெயர் இல்லை.

அந்தப் பங்கின் பாதிரியார் மற்றவர்களுக்கு முந்தியே ஏடு எழுதத் தொடங்கிய ஒழுங்கான மனிதர். அவருடைய ஏட்டில் மாட்ஸ் என்ற தகப்பனுக்கு ஊலொஃப் என்ற மகன் மூன்று வளவுகளில் இருந்தான். பாறை வளவு ஊலொஃப் கடைசிவரை அங்கேயே இருந்து வரி கட்டியிருக்கிறான். ஆலை வளவு ஊலொஃப் வழக்கு நடந்தபோது ஒன்பது வயதுப் பையன். மூன்றாவது தால்ஷோ வளவு. அதன் கீழே அடக்கப் பதிவு இருந்தது. 'தால்ஷோ மாட்ஸின் மகன் ஊலொஃப், வயது மூன்று', ஆயிரத்து அறுநூற்று இருபத்து நாலு, மார்ச்.

சுகந்தா அந்த வளவின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மூன்றும் போயிற்று. இந்தப் பங்கில் வழக்கு நடந்திருந்தாலும் ஊலொஃப் வேறெங்கிருந்தோ கூலிக்கு வந்தவனாயிருக்க வேண்டும், பிறந்த வீடு அறியக்கிடைக்கவில்லை என்று முடிவெழுதினாள். நாற்பத்தொரு பக்கம். மார்ச் கடைசியில் அனுப்பினாள். ரோஜரிடமும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சுவீடனுக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்துச் செய்தார்.

ஏப்ரல் இருபதாம் தேதி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. பார்த்த பத்துப் பதிவுகளிலும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. தேர்ச்சி. மே முதலாம் தேதி வெளியாகும் பட்டியலில் பெயர் இருக்கும். சுகந்தா அதை அலுவலகத்தில் அச்சடித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று கனகரத்தினம் இடியப்பமும் சொதியும் தானே கடையில் வாங்கி வந்தார்.

மறுநாள் காலை நெய்னா முகம்மது ஒரு கோப்போடு அவள் மேசைக்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர், ஏஜென்சியில் போர்டிங் ஆபீசர். கப்பல் ஏணியில் இருபது வயதுப் பிள்ளைபோல ஏறுவார். சுகந்தா அவரை நானா என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார்.

"தங்கச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. அறுபது முடிஞ்சவங்களுக்கு கலாஸ்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. செப்டம்பர்ல என்னையும் ஊருக்கு அனுப்பப் போறாங்க."

"உங்களுக்கு அறுபதோ நானா? தெரியேல்லையே."

"தெரியாது. ஏன்னா எனக்கு அம்பத்தெட்டு. மையத்தாப் போனவனோட சர்ட்டிபிகேட்ல நான் வாழ்ந்துகிட்டிருக்கேன்."

சுகந்தா பேனாவைக் கீழே வைத்தாள். "விளங்கச் சொல்லுங்கோ."

"எனக்கு முன்னாடி ஒரு நெய்னா முகம்மது பொறந்தான். வாப்பாவோட வாப்பா பேரு அது. ஒன்பது மாசத்துல மவுத்தாயிட்டான். அடுத்து நான் வந்தேன். பெரியவங்க பேரு விட்டுப்போகக் கூடாதுல்ல? அதையே எனக்கும் வச்சுட்டாங்க. பாஸ்போர்ட் எடுக்கப் போறப்ப வாப்பா முனிசிபாலிட்டியில போய் நெய்னா முகம்மதுன்னு கேட்டிருக்காக. கிளார்க்கு ஏட்டத் தொறந்தான், மொதல்ல ஒரு நெய்னா முகம்மது இருந்தான், எழுதிக் கொடுத்துட்டான். ரெண்டு வருசம் தள்ளி இருந்த ஏட்ட அவன் பாக்கவே இல்ல. நாங்களும் கவனிக்கல. இப்ப என் மகன் ஊர்ல தேடி ரெண்டு சர்ட்டிபிகேட்டும் எடுத்து அனுப்பியிருக்கான்."

கோப்பைத் திறந்து காட்டினார். ஒரே பெயர், ஒரே தகப்பன், ஒரே தாய். இரண்டு பிறந்த தேதி.

அவர் சொன்னதில் அவளுக்கு ஒன்று நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

"செத்த பிள்ளையின்ர பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பினமோ?"

"எல்லாரும் வைக்கணும்னு இல்ல. வைப்பாங்க. ஏன், உங்க ஊர்ல வைக்க மாட்டாங்களா?"

அவளுடைய ஊரில் வைக்கமாட்டார்கள். அவளுக்கு ஐந்து வயதாயிருந்தபோது இரண்டு வயதுத் தம்பி ஒருவன் காய்ச்சலில் போனான். அதன்பிறகு அவன் பெயர் வீட்டில் ஒலித்ததில்லை. அடுத்துப் பிறந்த தம்பிக்குச் சாத்திரியார் அதே எழுத்தில் பெயர் சொன்னபோதுகூடத் தாய் மறுத்து வேறெழுத்துக் கேட்டாள். பக்கத்து வளவில் அதே பெயரில் ஒரு பையன் இருந்தான். சுகந்தாவின் தாய் படலையடியில் நின்றால் அவனுடைய சொந்தத் தாயே அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். போன பிள்ளையின் பெயர் பிள்ளையோடு போய்விட வேண்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்து அவள் படித்ததல்ல. பிறகு வேறு விதமாகவும் உலகம் இருக்கலாம் என்று அவள் ஏன் நினைக்கப்போகிறாள்?

"என்ன தங்கச்சி, மொகம் மாறுது? என் கேஸ் அவ்வளவு மோசமா?"

"உங்கட கேஸ் சுகம் நானா. என்ர கேஸைப் பற்றித்தான் யோசிக்கிறன்."

தால்ஷோவின் அடக்கப் பதிவைக் கண்டதும் அவள் ஏட்டை மூடியிருந்தாள். முனிசிபாலிட்டிக் கிளார்க்கைப் போல.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். சேலைகூட மாற்றவில்லை. ஆயிரத்து அறுநூற்று இருபத்து நாலு மார்ச்சில் இருந்து ஞானஸ்நானப் பக்கங்களைப் புரட்டினாள். ஏப்ரல், மே, கோடை, பனி. ஒவ்வொரு வரியாக. அடுத்த வருடம் மே மாதம், பக்கத்தின் கீழ்க்கோடியில், அந்த ஒழுங்கான பாதிரியாரின் எழுத்தில் இருந்தது. 'தால்ஷோ மாட்ஸுக்கு மகன், ஊலொஃப்.' ஞானத்தாய் மாரித் என்ற பெண். முதல் ஊலொஃபுக்கும் அவளேதான் ஞானத்தாய்.

ஆயிரத்து அறுநூற்று இருபத்தைந்து. சாட்சி சொன்ன கிழவனின் ஐம்பத்தெட்டு வயதோடு அச்சாகப் பொருந்தியது.

பொருந்துவது போதாது. பொருந்துகிறது என்று எழுதுபவள் அல்ல அவள். மூன்று நாள், வேலைக்கு முன்னால் காலையில் இரண்டு மணி நேரமும் பின்னால் மாலையில் இரண்டு மணி நேரமும், தால்ஷோ வளவை வருடம் வருடமாகப் பின்தொடர்ந்தாள். வழக்கு நடந்த ஆண்டுக்குப் பிறகு வரிப்பட்டியலில் இந்த ஊலொஃப் இல்லை. இறந்தவர் பட்டியலிலும் இல்லை. அண்ணன் ஹான்ஸ் இருக்கிறான். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்து மூன்றில் தகப்பன் மாட்ஸ் இறக்கிறான். சொத்துப் பிரிக்கிறார்கள். அந்த நீதிமன்ற ஏட்டில் ஏழாவது வரியை அவள் நாலு தரம் எழுத்தெழுத்தாகப் பெயர்த்தாள். நாலு தரமும் அதுவேதான் வந்தது.

'புதிய சுவீடனில் இருக்கும் மகன் ஊலொஃபின் பங்காகிய ஒரு பசுவும் ஒரு செப்புப் பானையும், அவன் திரும்பி வரும்வரை அண்ணன் ஹான்ஸிடம் இருக்கக்கடவது.'

வியாழக்கிழமை மாலை கனகரத்தினம் வேலையால் வந்தபோது அவள் இரண்டு கடதாசிகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒன்று தேர்ச்சிக் கடிதம். மற்றது அவளே எழுதிய ஒரு பக்கம். அவர் இரண்டையும் வாசித்தார். சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"இப்ப ஆரும் கேட்டவையோ உம்மட்ட?"

"இல்லை."

"தேர்வாளருக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவை பாத்த பத்தில இது இல்லை."

"பேர் எப்ப வருது?"

"ஒண்டாந் திகதி. இன்னும் ஏழு நாள்."

கனகரத்தினம் சுவரைப் பார்த்து யோசித்தார். ஸ்டோர் சாமான் குறைந்தால் எந்த வவுச்சரில் சரிக்கட்டலாம் என்று யோசிக்கும் முகம்.

"ஒண்டாந் திகதி பேர் வரட்டும். ரெண்டாந் திகதி பிழையெண்டு எழுதும். ஊலொஃபுக்கும் நட்டமில்லை, உமக்கும் நட்டமில்லை. முந்நூறு வருசம் இருந்தவன் இன்னும் எட்டு நாள் இருக்கமாட்டானே?"

சுகந்தாவுக்கு அது பிடித்தது. உண்மையாகவே பிடித்தது. ஒரு முழு நிமிடம் அவள் அதை மனதில் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"க்ரூ லிஸ்டில பிழையெண்டு கண்டால், லாஞ்ச் வெளிக்கிட முதல் மறிக்கிறதோ, வெளிக்கிட்ட பிறகு மறிக்கிறதோ?"

"அது வேற. அதில ஆள் கடலுக்க நிப்பான்."

"இதிலயும் ஒராள் நிக்கிறான். நான் சாகாதவனைச் சாக்கொண்டு போட்டு வந்திருக்கிறன்."

"விசர்க் கதை கதையாதையும். ஐஞ்சு வருசம், சுகந்தா. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

அவர் அவளைப் பெயர் சொல்லி அழைப்பது அபூர்வம். அவள் தேர்ச்சிக் கடிதத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். மற்றக் கடதாசியைக் கணினியில் ஏற்றத் தொடங்கினாள். கனகரத்தினம் எழுந்து குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்தார்.

சமாதானம் சொல்லும் கடிதமாக அதை அவள் எழுதவில்லை. தலைப்பு: திருத்தம். முதல் வரி: 'எனது அறிக்கையின் முப்பத்தேழாம் பக்கத்தில் தால்ஷோ வளவை நீக்கியது பிழை.' இரண்டாவது பத்தியில் காரணம். 'இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு இடுவது எனது சமூகத்தில் வழக்கமில்லை. ஆகவே அடக்கப் பதிவுக்குப் பின் நான் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும்.' அதன்பின் நான்கு சான்றுகள், பக்க எண்களோடு. எங்கும் மன்னிக்கவும் என்ற சொல் இல்லை. எழுதி முடித்து, ஒவ்வொரு எண்ணையும் ஏட்டோடு ஒத்துப்பார்த்து, கனகரத்தினம் இரண்டாவது தேநீரைக் கொண்டுவருமுன் அனுப்பிவிட்டாள்.

ரோஜரை அடுத்த நாள் முனையத்து உணவுக்கூடத்தில் பிடித்தாள். வெள்ளிக்கிழமை அரை நாள், கூட்டம் குறைவு. அவர் பருப்புக் கறியை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, முழுவதையும் சொன்னாள். முதல் ஊலொஃப், இரண்டாவது ஊலொஃப், மாரித், ஏரியின் பெயரில் வந்த தால்ஷோ வளவு. கடைசியில் ஏழாவது வரியின் மொழிபெயர்ப்பை அவர் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

ரோஜர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"அப்படியானால் எங்களுக்கு அங்கே ஒரு பசு நிற்கிறது" என்றார்.

"ஒரு பானையும்."

"முந்நூற்று எழுபத்திரண்டு வருடம். யாரும் போய் எடுக்கவில்லை." சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறொன்றாயிற்று. வாயைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார். "அவன் திரும்பி வருவான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், சுகா."

"ஓம். எழுதியிருக்கிறார்கள்."

"ஏரி இருக்கிறதா?"

வரைபடத்தைத் திறந்து காட்டினாள். காட்டுக்குள் ஒரு நகத்தளவு நீலம். இருந்தது. அவர் கைபேசியை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, ரத்துச் செய்த டிக்கெட்டை மறுபடி தேடத் தொடங்கினார்.

நிலையத்தின் பதில் ஏப்ரல் இருபத்தெட்டில் வந்தது. சுருக்கமான கடிதம். திருத்தத்தைச் சரிபார்த்தோம், சரி. முடிவு பிழையான அறிக்கைக்குத் தேர்ச்சி வழங்க விதியில் இடமில்லை, ஆகவே தேர்ச்சி மீளப்பெறப்படுகிறது. மே மாதப் பட்டியலில் பெயர் வராது. அக்டோபரில் வேறொரு வம்சத்தை எடுத்து மறுபடி சமர்ப்பிக்கலாம். திருத்தம் அறிக்கையோடு சேர்த்து வைக்கப்படும். விதிப்படி திருத்தத்தில் அதைச் செய்தவரின் பெயர் இருக்கும்.

அவள் இதை எதிர்பார்த்துத்தான் அனுப்பினாள். எதிர்பார்த்ததும் வரும்போது வலிக்கத்தான் செய்கிறது. அன்று முழுவதும் ஒரு கொரியக் கப்பலின் இருபத்து மூன்று பெயர்களை மூன்று தரம் ஒத்துப்பார்த்தாள். ஒரு தரம் போதும்.

மாலையில் நெய்னா முகம்மதுவின் கோப்பை எடுத்தாள். இரண்டு சான்றிதழ்களையும் முன்னால் வைத்தாள். ஒன்றின் மேல் சிறிய தாளில் 'முதலாமவர், ஒன்பதாம் மாதம் காலமானார்' என்றும், மற்றதில் 'இரண்டாமவர், விண்ணப்பதாரர்' என்றும் எழுதி ஒட்டினாள். தூதரகத்துக்குப் போகும் கடிதத்தை, முதல் வாசிப்பிலேயே எவருக்கும் குழப்பம் வராதபடி அரைப் பக்கத்தில் அடித்துக் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே வாசித்தார். 'முதலாமவர்' என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

"இவன யாரும் இப்படி எழுதிப் பாத்ததே இல்ல தங்கச்சி. வீட்ல கூட நெய்னான்னா நான்தான்." பிறகு வழக்கமான குரலுக்கு வந்தார். "இது மட்டும் சரியாச்சுன்னா, ஊர்ல ரெண்டு வயசு கொறைஞ்சு திரும்பிப் போன மொத ஆள் நான்தான்."

"சரிவரும் நானா. வராட்டி இன்னொருக்கா எழுதுவம்."

மே முதல் வாரத்தில் சேர்த்துவைத்த ஆவணத்தின் பிரதி வந்தது. முதல் பக்கத்தில் அவளுடைய அறிக்கை, குறுக்கே 'மீளப்பெறப்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. 'தயாரித்தவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. பின்னால் ஒரே பக்கம், திருத்தம். அதன் அடியில், திருத்தியவர்: சுகந்தா கனகரத்தினம், புஜைரா.

அதை வீட்டு மேசையில் வைத்து, வெளியார் பெயரைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பிழையில்லை.

கனகரத்தினம் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தார். "பிழை விட்டதுக்கும் பேர் போடுவினமோ?"

"பிழையைப் பிடிச்சதுக்கு."

"விட்டதும் நீர், பிடிச்சதும் நீர்." இன்னும் கிட்டக் குனிந்து, "என்ர பேரும் கிடக்குது" என்றார். "நான் ஒண்டாந் திகதி மட்டும் பொறுக்கச் சொன்னனான் எண்டு அதில போடேல்லையே?"

"போட்டிருக்க வேணும். இடம் காணாமப் போச்சு."

அவர் சிரித்துக்கொண்டே குசினிக்குப் போனார். சுகந்தா ஐந்தாவது கொப்பியை எடுத்தாள். புதியது. முதல் பக்கத்தில் அக்டோபர் பதினைந்து என்று எழுதி அடிக்கோடிட்டாள். கீழே: 'அடக்கப் பதிவைக் கண்டால், தாய்க்கு நாற்பத்தெட்டு வயது ஆகும்வரை ஞானஸ்நானப் பக்கங்களை நிறுத்தாமல் பார்க்க வேண்டும்.' அக்டோபருக்கென்று அவள் எடுத்திருந்தது வேறொரு குடியேற்றக்காரன், ஒரு தச்சன். அவன் பிறந்ததாகச் சொல்லப்படும் பங்கின் ஏடு திரையில் திறந்து கிடந்தது. எழுதியவர் கை நடுங்கும் கிழவர், பக்கத்துக்குப் பக்கம் மைக்கறை, இவருக்கு அரிச்சுவடி தயாரிக்கவே ஒரு மாதம் போகும்.

மூன்றாவது பக்கத்தில் ஒரு தச்சனின் பிள்ளை அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பெயரையும் வயதையும் கொப்பியில் எழுதினாள். பிறகு ஞானஸ்நானப் பக்கங்களுக்குப் போய், அதற்கடுத்த நாளிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.